அலுமினியமும் கார்பனும்: எண்டியூரோ சைக்கிள் ஃபிரேமின் வரலாறு

மலைச் சைக்கிளின் ஃபிரேம் எஃகில்தான் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய மண்பாதை ஒன்றில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக நேரம் குறித்துக்கொண்டு இறங்கினார்கள். ரீபேக் என்று பெயர் பெற்ற அந்தப் போட்டிப் பாதையின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். அவர்கள் ஓட்டியவை 1930-களிலும் 40-களிலும் ஊருக்குள் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட கனத்த ஷ்வின் சைக்கிள்கள். பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்த பிரேக், ஒரே இறக்கத்தில் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸைப் புகையாக்கிவிடும். ஹப்பைக் கழற்றி, புதிய கிரீஸ் அடைத்த பிறகுதான் மறுபடி ஓட்டலாம். கிரீஸை மாற்றிவிடலாம். ஆனால், குதித்துக் குதித்து வளைந்த ஃபோர்க்குக்கும், முறிந்த ஃபிரேமுக்கும் புதிதாக ஒன்றைச் செய்வதைத் தவிர வழியில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் அதைச் செய்தார். விமானத் தொழிலில் பழகிய குரோமோலி எஃகுக் குழாய்களைக் கொண்டு, மலைப்பாதைக்கென்றே ஒரு ஃபிரேம் கட்டினார். முழுச் சைக்கிளின் எடை ஏறத்தாழ 17 கிலோ. அந்த முதல் பிரீஸர் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. டாம் ரிட்சி, கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் 1979-ல் இத்தகைய சைக்கிள்களைக் கட்டி விற்கத் தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், ஜப்பானில் தயாராகி, கடைகளுக்கு வந்தது. இவை எல்லாமே எஃகு.

அலுமினியத்தில் சைக்கிள் செய்யும் எண்ணம் இதைவிட மிகப் பழையது. 1890-களிலேயே அமெரிக்காவில் வார்ப்பு அலுமினிய ஃபிரேம் விற்பனைக்கு வந்திருந்தது. 1970-களில் இத்தாலியின் ஆலன் நிறுவனம் அலுமினியக் குழாய்களைத் திருகியும் ஒட்டியும் ரேஸ் சைக்கிள் செய்தது. எடை குறைந்தது, ஆனால் அழுத்தி மிதித்தால் ஃபிரேம் நெளிந்தது. காரணம் எளிது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்கு. எஃகுக் குழாயின் பருமனிலேயே அலுமினியக் குழாயைச் செய்தால், எடையில் கிடைத்த லாபம் விறைப்பில் போய்விடும். இதற்கான விடை குழாயின் விட்டத்தில் இருந்தது. சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்காகும். எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன் இந்தக் கணக்கைத் தடித்த குழாய் ஃபிரேம்களாக வடித்தார். 1970-களின் இறுதியில் ஃபேர்ஃபாக்ஸிலேயே பட்டறை வைத்திருந்த சார்லி கன்னிங்ஹாம் அதை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். 1983-ல் கேனன்டேல் தடித்த அலுமினியக் குழாய் சைக்கிள்களைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. சைக்கிள் என்றால் ஒல்லிக் குழாய் என்று பழகியிருந்த கண்களுக்கு அவை அசிங்கமாகத் தெரிந்தன. ஆனால் வடிவம் மாறியதால்தான் உலோகம் பயன்பட்டது. பின்னால் கார்பனிலும் இதேதான் நடக்கவிருந்தது.

அலுமினிய ஃபிரேமின் உண்மையான கைத்திறன் வெல்டிங்குக்குப் பிறகு தொடங்குகிறது. சைக்கிள்களில் அதிகம் பயன்படும் 6061 என்ற கலவை, வெல்டிங் சூட்டில் இணைப்பைச் சுற்றித் தன் வலிமையை இழந்துவிடும். அதனால் பற்றவைத்த ஃபிரேமை முழுதாக உலையில் ஏற்றி, ஏறத்தாழ 530 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று நீரில் குளிர்விக்கிறார்கள். குளித்து வந்த ஃபிரேம் சில மணி நேரத்துக்கு மென்மையாக இருக்கும். அந்த இடைவெளியில் தொழிலாளி அதைச் சமதளமான இரும்பு மேடையில் பொருத்தி, கோணல் எங்கே என்று அளந்து, நீண்ட கம்பியால் நெம்பி நேராக்குவார். பிறகு 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து முதிர வைத்தால்தான் முழு வலிமை திரும்பும். இந்த உலையும் மேடையும் கைப்பழக்கமும் ஒன்றாகத் திரண்ட இடம் தைவான். 1980-களிலும் 90-களிலும் தைச்சுங்கைச் சுற்றிய ஆலைகள்தான் அலுமினிய ஃபிரேமைச் சாதாரண விலைக்குக் கொண்டுவந்தன. 1990-களின் முடிவில் எஃகு, மலைச் சைக்கிள் சந்தையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

கார்பன் இழை சைக்கிளுக்காகப் பிறந்ததல்ல. 1958-ல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் அசாதாரண வலிமை கொண்ட கிராஃபைட் இழைகளைக் கண்டார். 1960-களின் தொடக்கத்தில் ஒசாகாவில் அக்கியோ ஷிண்டோ, பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையைச் சுட்டுக் கார்பனாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகம் அந்த வழியை மேம்படுத்தியது. 1971-ல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே கார்பன் குழாய்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டன.

முதலில் வந்தவை உலோக ஃபிரேமின் நகல்களே. கார்பனில் வட்டக் குழாய் செய்து, அலுமினிய அல்லது எஃகு மூட்டுகளில் ஒட்டினார்கள். பொறியாளர்கள் இந்த அணுகுமுறையைக் ‘கறுப்பு அலுமினியம்’ என்று குறை சொல்வதுண்டு. அந்தக் குறை நியாயமானது. கார்பன் இழை தன் நீள வாக்கில்தான் வலிமையானது. எந்தத் திசையில் விசை வருகிறதோ அந்தத் திசையில் இழையை அடுக்குவதே அதன் பயன். உலோகத்தைப் போல எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நினைத்துச் செய்தால் அந்தப் பயன் போய்விடும். ஒட்டிய மூட்டுகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஈரம் பட்டால், கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் மின்வேதி அரிப்பால் பொடிந்து, ஒட்டு விட்டுப்போகும். இடையில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைப்பதைப் பின்னாளில் வழக்கமாக்கினார்கள்.

இவ்வளவு குறைகளோடும் அந்தச் சைக்கிள்கள் வென்றன. 1990-ல் கொலராடோவின் துராங்கோவில் நடந்த உலகச் சைக்கிள் கூட்டமைப்பான யூ.சி.ஐ.யின் முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டியில், ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ்கன்ட்ரி பிரிவில் பட்டம் பெற்ற நெட் ஓவரெண்ட் ஓட்டியது, கார்பன் குழாய்களை உலோக மூட்டுகளில் ஒட்டிய ஸ்பெஷலைஸ்டு எபிக். அதற்கு முன்பே, 1986-ல், கலிஃபோர்னியாவின் கெஸ்ட்ரல் நிறுவனம் மூட்டே இல்லாமல் அச்சில் வார்த்த கார்பன் ரோடு சைக்கிள் ஒன்றைக் காட்டியிருந்தது. 1992-ல் ட்ரெக், ஓ.சி.எல்.வி. என்ற பெயரில், அடுக்குகளுக்கு இடையே காற்றுக்குமிழி தங்காமல் அழுத்தும் முறையைக் கொண்டுவந்தது. குமிழி இருக்கும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும் என்பதால், ஃபிரேமின் ஆயுளே அதில் அடங்கியிருந்தது.

இன்றைய கார்பன் ஃபிரேமின் உருவாக்கம் பெரும்பாலும் கைவேலை. பிசின் ஊறிய கார்பன் தாள் குளிர்பெட்டியில் காத்திருக்கும். அதை எடுத்து, மாதிரிப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில், எதன் மேல் என்று எழுதிவைத்த வரிசைப்படி ஒட்டுகிறார்கள். உள்ளே காற்றுப்பை, வெளியே எஃகு அச்சு. அச்சைச் சூடாக்கிக் காற்றுப்பையை ஊதினால், அடுக்குகள் அச்சின் சுவரோடு நெரிந்து இறுகும். ஒரு துண்டு மடங்கியோ நகர்ந்தோ போனால், மேற்பூச்சுக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. கார்பனில் தரக் கட்டுப்பாடு இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம் இதுதான்.

கார்பன் நெடுங்காலம் கிராஸ்கன்ட்ரியோடு நின்றது. 1989-ல் ராக்‌ஷாக்ஸின் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்து, பிறகு பின்சக்கரத்துக்கும் ஷாக் வந்தபோது, மலை இறக்கப் போட்டிக்கான டவுன்ஹில் சைக்கிள்கள் பல அச்சாணிகளும் இணைப்புக் கைகளும் கொண்ட எந்திரங்களாயின. பேரிங் உட்காரும் துளை, ஷாக் பொருந்தும் காது எல்லாம் அலுமினியத்தில் செதுக்க எளிது. நீரழுத்தத்தால் குழாயை உள்ளிருந்து ஊதி வடிவமாக்கும் ஹைட்ரோஃபார்மிங்கும் அலுமினியத்துக்குப் புது வாழ்வு கொடுத்தது. பாறையில் விழுந்து எழும் ஆட்டத்துக்குக் கார்பன் சரிப்படாது என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. அதை உடைத்ததில் சாண்டா குரூஸ் நிறுவனத்தின் கார்பன் வி10-க்குப் பெரும் பங்கு உண்டு. கிரெக் மின்னார் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளின் டவுன்ஹில் உலகப் பட்டங்களையும் அதில்தான் வென்றார். அதே நிறுவனம் தன் சோதனைக்கூடத்தில் ஒரே மாடலின் அலுமினிய ஃபிரேமையும் கார்பன் ஃபிரேமையும் இடித்துக் காட்டியது. அதில் கார்பன்தான் கூடுதல் விசையைத் தாங்கியது.

எண்டியூரோ இந்தத் திருப்பத்தில்தான் உலகப் போட்டியாக வடிவெடுத்தது. அதன் வேர் ஆல்ப்ஸில். 1995 முதல் ஆல்ப் துவேஸில் நடக்கும் மெகாவலான்ஷ், 3,300 மீட்டர் உயரப் பனிப்பாறையிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு அடிவாரம் வரை இறங்கும் போட்டி. 2003-ல் பிரான்ஸின் வால் தலோஸில் போட்டி அமைப்பாளர் ஃப்ரெட் குளோ வேறொரு முறையைக் கொண்டுவந்தார்: இறக்கங்களுக்கு மட்டும் கடிகாரம், ஒரு இறக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிக்கு இல்லை. இத்தாலியில் 2008 முதல் சூப்பர்எண்டியூரோ தொடர் அதைப் பின்பற்றியது. 2013-ல் எண்டியூரோ வேர்ல்டு சீரிஸ், இத்தாலியின் புந்தா ஆலாவில் தொடங்கியது. அது 2023 முதல் யூ.சி.ஐ. உலகக் கோப்பையாக நடக்கிறது.

இந்த அமைப்பு ஃபிரேமிடம் முரண்பட்ட இரண்டைக் கேட்டது. நாள் முழுக்க ஏறும் அளவுக்கு அது எடை குறைவாக இருக்க வேண்டும். டவுன்ஹில் பாதையில் நாள் முழுக்க அடிவாங்கியும் தாங்க வேண்டும். முதல் ஆண்டுகளின் ஆண்கள் பட்டங்கள் கார்பன் பக்கமே போயின. 2013-ல் ஜெரோம் கிளெமென்ட்ஸ் கேனன்டேல் ஜெகிலிலும், 2014-ல் ஜாரெட் கிரேவ்ஸ், 2015, 2016-ல் ரிச்சி ரூட் ஆகியோர் யெட்டியிலும் வென்றார்கள். ஆனால் 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெண்கள் பட்டத்தை வென்ற செசில் ரவனெல் ஓட்டியது, அண்டோராவின் கொமென்சால் செய்த அலுமினிய மெட்டா. கொமென்சால் அலுமினியத்தை ஒரு கொள்கையாகவே பிடித்துக்கொண்ட நிறுவனம். மூன்று பட்டங்களைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எண்டியூரோவில் வெற்றியைத் தீர்மானிப்பது ஃபிரேமின் பொருள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அலுமினியம் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. எண்டியூரோ சைக்கிளின் அளவுகள் 2010-களில் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருந்தன. 26 அங்குலச் சக்கரம் போய் 27.5 வந்தது, அது நிலைப்பதற்குள் 29 வந்தது. முன்ஃபோர்க்கின் சாய்வைக் குறிக்கும் ஹெட் ஆங்கிள் 67 டிகிரியை ஒட்டி இருந்தது 64 வரை சாய்ந்தது. ஃபிரேம் நீண்டது. கார்பனில் ஒவ்வொரு அளவுக்கும் தனி எஃகு அச்சு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பல்லாயிரம் டாலர். அச்சு வெட்டிய பிறகு அரை டிகிரி தவறு என்று தெரிந்தாலும் சில ஆண்டுகள் அதோடுதான் வாழ வேண்டும். அலுமினியத்தில் குழாயை வேறு கோணத்தில் வெட்டிப் பற்றவைத்தால் போதும். அதனால் கார்பனை மட்டுமே விற்கும் நிறுவனங்கள்கூடப் புது வடிவத்தை முதலில் அலுமினியத்தில் கட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

சூழல் சார்ந்த கேள்வியும் இதற்குள் வந்தது. 2017-ல் ஃபின்லாந்தின் போல் நிறுவனம், தான் திட்டமிட்டிருந்த கார்பன் ஃபிரேமைச் சூழல் காரணங்களைச் சொல்லிக் கைவிட்டது. அதற்குப் பதில், 7075 அலுமினியக் கட்டிகளை எந்திரத்தில் கடைந்து இரண்டு பாதிகளாக்கி ஒட்டிய மெஷின் என்ற சைக்கிளை வெளியிட்டது. அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். இறுகிய பிசினிலிருந்து கார்பன் இழையைப் பிரிப்பதோ கடினம். பிரித்தாலும் கிடைப்பது பழைய நீளமும் தரமும் குறைந்த இழைதான்.

எண்டியூரோ ஃபிரேமில் கார்பன் மிச்சப்படுத்துவது பொதுவாக அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. முழுச் சைக்கிள் 14 முதல் 16 கிலோ இருக்கும்போது அது பெரிய பங்கல்ல. அந்த விலை வித்தியாசத்தை நல்ல ஃபோர்க்கிலும் சக்கரத்திலும் போடுவது பெரும்பாலோருக்குக் கூடுதல் பயன் தரும். அடிபடும் விதத்திலும் இரண்டும் வேறு. முன்சக்கரம் எறிந்த கல் கீழ்க்குழாயில் பட்டால் அலுமினியம் நசுங்கும். நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அதே அடியை வடுவின்றித் தாங்கிவிடலாம், அல்லது மேற்பூச்சு மட்டும் கீறியிருக்க உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டி ஓசை மங்கும் இடத்தைத் தேடுவது பழைய முறை. உறுதியாக அறிய அல்ட்ராசவுண்ட் போன்ற சோதனை வேண்டும். ஆனால் காயம் கண்டுபிடிக்கப்பட்டால் நிலை தலைகீழாகும். கார்பனில் கெட்ட அடுக்குகளைத் தேய்த்து எடுத்து, புதிய அடுக்குகளை ஒட்டிப் பழைய வலிமைக்கு அருகில் கொண்டுவரலாம். விரிசல்விட்ட அலுமினியத்தை மறுபடி பற்றவைத்தால், முழு ஃபிரேமையும் திரும்ப உலையில் ஏற்றினாலொழிய அது நம்பத்தக்கதாகாது. அலுமினியம் களைப்படையும் உலோகமும்கூட. எஃகைப் போல, இதற்குக் கீழான விசை எத்தனை முறை வந்தாலும் ஒன்றுமாகாது என்ற எல்லை அதற்கு இல்லை. வடிவமைப்பவர்கள் தடிமனைக் கூட்டித்தான் அதன் ஆயுளை நீட்டுகிறார்கள்.

அண்மைக் காலத்தில் பல நிறுவனங்கள் ஒரே மாடலை இரண்டு பொருளிலும் விற்கின்றன. முன்பாதி கார்பன், கல்லும் செயினும் அடிக்கும் பின்பாதி அலுமினியம் என்ற கலப்பும் நடைமுறையில் உண்டு. வேல்ஸில் 2019-ல், மலைச் சைக்கிள் போட்டியாளர்களான ஆதர்டன் குடும்பத்தினர் தொடங்கிய சைக்கிள் நிறுவனம், முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியம் மூட்டுகளில் கார்பன் குழாய்களை ஒட்டுகிறது. ஓவரெண்டின் எபிக்கை நினைவூட்டும் முறைதான். ஒட்டும் நுட்பம் மட்டும் முப்பதாண்டு முன்னேறியது. 2024-ல் அதே நிறுவனம், கடைந்த 7075 அலுமினிய மூட்டுகளில் அலுமினியக் குழாய்களை ஒட்டிய எஸ்.170 என்ற எண்டியூரோ சைக்கிளைக் குறைந்த விலையில் வெளியிட்டது. வெல்டிங் இல்லாததால் அந்த ஃபிரேமுக்கு உலையும் தேவைப்படவில்லை; அளவுகளைக் கூட்டவும் குறைக்கவும் அச்சும் தேவைப்படவில்லை.