டாக்காவுக்குப் போன வத்திராயிருப்புக்காரர்

நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் உத்தியோக நிமித்தம் ஊர் மாறியவர்கள்தாம். டெல்லி, கொல்கத்தா, நாக்பூர், புணே, ஹைதராபாத் என்று எந்தக் கிளையை எடுத்துக்கொண்டாலும், ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், பாங்க் என்று மாற்றல் உத்தரவின் பேரில் வந்து சேர்ந்த குடும்பங்களே அதிகம். மாற்றல் உத்தரவில் ஒரு சௌகரியம் உண்டு. தீர்மானம் நம்முடையதல்ல. "சர்க்கார் தூக்கிப் போட்டுவிட்டான், என்ன செய்வது" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டலாம். குவார்ட்டர்ஸ் கிடைக்கும், மூன்று வருஷத்தில் மறுபடி மாற்றல் கேட்கலாம்.

யூனிவர்ஸிடி உத்தியோகம் அப்படியல்ல. அங்கே யாரும் யாரையும் மாற்றுவதில்லை. இருக்கிற இடத்தை நாமே விட்டு, தெரியாத ஊரில் நாமே விண்ணப்பம் போட்டு, நம் பெயரை மட்டும் நம்பிப் போக வேண்டும். சரியாக வராவிட்டால் பழி போட ஆள் கிடையாது. அப்படிப் போனவர்களில் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றிற்று. கே.எஸ். கிருஷ்ணன் என்று உலகம் அறிந்த கரியமாணிக்கம் ஸ்ரீனிவாஸ கிருஷ்ணன். ராமன் விளைவு என்றதும் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். அதற்கு அடுத்த பத்து மாதத்தில் அவர் என்ன செய்தார் என்பதை அநேகமாகச் சொல்வதில்லை.

1898 டிசம்பர் 4-ஆம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்டிரேட்டர் வேலை. மத்தியான இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து எந்த சந்தேகத்தையும் கேட்கலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். மற்றக் கல்லூரிப் பையன்கள்கூட வந்து உட்கார்ந்தார்களாம். அப்படியே இருந்திருந்தால் சென்னையில் ஒரு நல்ல வாத்தியாராக ரிடையர் ஆகியிருப்பார். அது ஒன்றும் குறைவான வாழ்வும் அல்ல. ஆனால் கல்கத்தாவில் சி.வி. ராமன் இருந்தார்.

ராமனின் கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1907-இல் அஸிஸ்டெண்ட் அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தவர், பௌபஜார் தெருவில் மஹேந்திரலால் சர்க்கார் 1876-இல் ஸ்தாபித்த விஞ்ஞான சங்கத்தின் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். பத்து வருஷம் ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ச்சி. 1917-இல் அசுதோஷ் முகர்ஜி அழைத்தபோது, சம்பளம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை என்று கல்கத்தா யூனிவர்ஸிடியின் பாலித் புரொபஸர் பதவியை ஏற்றுக்கொண்டார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. போக மாட்டேன் என்றார் ராமன். நிபந்தனைதான் தளர்ந்தது.

அந்த ராமனிடம் 1923-இல் கிருஷ்ணன் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் திரவங்களில் ஒளிச் சிதறல் பற்றிய பரிசோதனைகளை நாள்தோறும் செய்து டைரியில் குறித்து வந்தவர் அவர்தான். "நேச்சர்" பத்திரிகைக்குப் போன முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பௌபஜார் தெருவைத் திரும்பிப் பார்த்த வருஷம் அது.

அதே வருஷம் டிசம்பரில் கிருஷ்ணன் கல்கத்தாவை விட்டு டாக்கா யூனிவர்ஸிடிக்கு ரீடராகப் போய்விட்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் யாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவதா? ஆனால் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். சங்கத்தில் உதவியாளர் என்பது ஒரு பெரியவரின் நிழலில் இருக்கிற இடம். எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் அந்த நிழலின் நீளத்துக்குள்தான். ரீடர் என்பது சொந்தப் பதவி. சொந்த மாணவர்கள், சொந்த ஆராய்ச்சித் திட்டம். முப்பது வயது நிறைகிற சமயத்தில் அந்தத் தீர்மானத்தை எடுத்திருக்கிறார்.

டாக்கா அப்போது என்ன ஊர்? 1905-இல் வங்காளத்தைப் பிரித்தபோது கிழக்கு வங்காளம்-அஸ்ஸாம் என்ற புது மாகாணத்துக்கு அது தலைநகராயிற்று. ரம்னா பகுதியில் அதிகாரிகளுக்காக பங்களாக்களும் அலுவலகங்களும் எழும்பின. பிரிவினை ரத்து என்று 1911 டிசம்பரில் அறிவிப்பு வந்ததும், தலைநகர் அந்தஸ்து போயிற்று. அந்த மனக்குறைக்கு ஈடாகத்தான் யூனிவர்ஸிடி தருகிறோம் என்று 1912-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் வாக்குக் கொடுத்தார். யுத்தம் குறுக்கிட்டு, ஒருவழியாக 1921 ஜூலை 1-ஆம் தேதி கதவு திறந்தது. மூன்று பிரிவுகள், 12 துறைகள், சுமார் 60 ஆசிரியர்கள். தலைநகருக்காகக் கட்டிய வீடுகளில் புரொபஸர்கள் குடியேறினார்கள். கர்சன் பிரபு 1904-இல் அஸ்திவாரக் கல் வைத்த சிவப்பு நிற கர்சன் ஹால் விஞ்ஞானத் துறைகளுக்கு வந்தது.

கல்கத்தா, சென்னை போன்ற பழைய யூனிவர்ஸிடிகள் பெரும்பாலும் கல்லூரிகளை இணைத்துப் பரீட்சை நடத்துகிற ஸ்தாபனங்களாக வளர்ந்தவை. டாக்கா, மாணவர்கள் தங்கிப் படிக்க, ஆசிரியர்கள் தங்கிப் போதிக்க என்றே ஏற்பட்டது. காசி ஹிந்து சர்வகலாசாலை (1916), அலிகார் (1920), லக்னோ என்று அந்த ஐந்தாறு வருஷங்களில் புதிது புதிதாகப் பிறந்த எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். பாடம் நடந்தது இங்கிலீஷில். ஆகவே வத்திராயிருப்புக்காரர் வங்காளி தெரியாமலே முதல் நாள் டாக்காவில் லெக்சர் கொடுக்கலாம். நம்மவர்கள் இத்தனை தூரம் பரவியதற்கு அறிவும் உழைப்பும் காரணம் என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். சரிதான். இந்த இங்கிலீஷ் என்ற பொதுப் பாதையும், புதிதாக விளம்பரமான வேலைகளும் இல்லாவிட்டால் அந்த அறிவு வத்திராயிருப்பிலேயே இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பில்தான் இங்கிலீஷ். கடைத்தெருவில் அது செல்லாது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து டாக்காவுக்குப் போவதென்றால் முதலில் ஹௌரா வரை மெயில் வண்டி. பிறகு சியால்டா ஸ்டேஷனிலிருந்து கோவாலந்தோ வரை ராத்திரி ரயில். அங்கே இறங்கி பத்மா நதியில் ஸ்டீமர். நாராயண்கஞ்சில் கரையேறி மறுபடி டாக்காவுக்கு ரயில். ட்ரங்குப் பெட்டி, பாத்திர மூட்டை, கைக்குழந்தை சகிதம் இத்தனை இடத்தில் ஏறி இறங்கிய தென்னாட்டுக் குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். அரிசி ஊர்தான், அந்த மட்டில் க்ஷேமம். ஆனால் மீன் இல்லாத சமையலை ஒரு சமையலாகவே எண்ணாத ஊர். காபிப்பொடிக்கும் பெருங்காயத்துக்கும் என்ன ஏற்பாடு என்பதை சரித்திர ஆசிரியர்கள் எழுதுவதில்லை. மாமிகள் எழுதியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும்.

டாக்கா பௌதிகத் துறையின் தலைவர் யார் தெரியுமா? ஸத்யேந்திரநாத் போஸ். 1921-இல் ரீடராக வந்து, 1924-இல் அங்கிருந்தே ஐன்ஸ்டீனுக்குத் தம் கட்டுரையை அனுப்பிப் புகழ் பெற்றவர். ஐரோப்பா போய் வந்து 1927-இல் புரொபஸரானார். ஆக, கிருஷ்ணன் போனது மூலையில் கிடந்த ஊரானாலும், துறை மூலையில் இருந்ததல்ல.

அங்கே கிருஷ்ணன் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்த குணம். பல படிகங்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி காந்தத்துக்கு இணங்குவதில்லை. ஒரு திசையில் கூடுதல், இன்னொரு திசையில் குறைவு. இந்த வித்தியாசம் மிகச் சிறியது. அதை அளக்க அவரும் மாணவர்களும் கையாண்ட முறை அழகானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறிய படிகத்தைக் காந்த மண்டலத்துக்கு நடுவே தொங்கவிட வேண்டும். இழையின் மேல் நுனியை மெல்ல முறுக்கிக்கொண்டே போனால், காந்தம் பிடித்து வைத்திருக்கிற படிகம் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கட்டத்தில் எத்தனை முறுக்கு என்று தெரிந்தால் போதும், காந்த வித்தியாசத்தைக் கணக்கிடலாம். அதிலிருந்து படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்பதையும் ஊகிக்கலாம். பெரிய யந்திரம் வேண்டாம். நிதானமான கை வேண்டும். குஹா, பானர்ஜி என்ற இரு மாணவர்களுடன் அவர் எழுதிய விரிவான கட்டுரை 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. ராமனின் பெயர் இல்லாமல், கிருஷ்ணனின் பெயரில் நின்ற ஆராய்ச்சி அது. 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கு அறிவிக்கப்பட்டபோது, கிருஷ்ணன் டாக்காவில் இந்த வேலையில்தான் இருந்தார்.

அவர் அங்கே இருக்கும்போதே இன்னொரு தமிழரும் வந்து சேர்ந்தார். தென்னாற்காடு ஜில்லாவில் 1902-இல் பிறந்த கணித மேதை டி. விஜயராகவன். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றவர். 1930-இல் ஆந்த்ரே வெய் என்ற இருபத்துமூன்று வயது பிரெஞ்சுக்காரர் அலிகாரில் கணிதப் புரொபஸராக வந்தபோது, விஜயராகவனைத் தேடிப் பிடித்து அமர்த்திக்கொண்டார். மறு வருஷம் வெய் விடுமுறையில் ஐரோப்பா போயிருந்த சமயம், அவரை விலக்கிவிட்டு அந்தப் பதவியை விஜயராகவனுக்கே கொடுக்க முன்வந்தார்கள். தம்மை அமர்த்தியவரின் நாற்காலியில் உட்கார மனமில்லாமல், அவர் மறுத்துவிட்டு டாக்காவுக்குப் போனார். 1946 வரை அங்கேதான். இன்றும் கணிதத்தில் பீஸோ-விஜயராகவன் எண்கள் என்று அவர் பெயர் நிற்கிறது. பிறகு ஆந்திரா யூனிவர்ஸிடி, கடைசியாகச் சென்னையில் அழகப்பச் செட்டியார் ஏற்படுத்திய ராமானுஜன் கணித நிலையத்தின் டைரக்டர். 1955-இல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

கிருஷ்ணனிடம் திரும்புவோம். 1933-இல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு டைரக்டராகப் போனார். கல்கத்தா சங்கத்தில் ஸ்தாபகர் மஹேந்திரலால் சர்க்காரின் பெயரில் புதிதாக ஏற்பட்ட புரொபஸர் பதவிக்குக் கிருஷ்ணன் டாக்காவிலிருந்து வந்தார். இங்கேதான் நாம் கொஞ்சம் மனம் திறந்து பேச வேண்டும். ராமன் சங்கத்தைத் தென்னாட்டுக்காரர்களால் நிரப்புகிறார் என்ற முணுமுணுப்பு கல்கத்தாவில் வெகு நாளாக இருந்தது. வங்காளிகள் பணத்தில், வங்காளி ஒருவர் ஸ்தாபித்த இடம். அங்கே வங்காளிப் பையன்களுக்கு இடம் எங்கே என்று பத்திரிகைகளிலும் எழுதினார்கள். 1934-இல் விவகாரம் முற்றி, சங்கத்தின் நிர்வாகம் ராமன் கையை விட்டே போயிற்று.

நம்மவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பொறாமை என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது திருப்தியாக இல்லை. ராமனின் மாணவர்களில் வங்காளிகளும் இருந்தார்கள் என்பது உண்மை. ஊரார் கேட்ட கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லவும் முடியாது. நம் தெருவிலுள்ள ஸ்தாபனத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் தம் ஊர்க்காரர்களாகவே சேர்த்தால் நாம் என்ன பேசுவோம் என்பது நமக்கே தெரியும்.

இந்தச் சண்டையின் நடுவில் இருந்தது கிருஷ்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலிதான். ராமன் கொண்டுவந்த ஆள் என்று அவரையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ராமன் தரப்பு தோற்ற பிறகும் அதே கல்கத்தாவில், புதிய நிர்வாகத்தின் கீழ், 1942 வரை எட்டு வருஷம் வேலை செய்தார். டாக்கா மாணவரான பானர்ஜி இங்கும் அவரோடு ஆராய்ச்சி செய்தார். 1936-இல் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையும், 1940-இல் கிடைத்த ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவியும் இந்தக் காலத்தில்தான். டாக்காவில் கழித்த ஐந்து வருஷம் இங்கே கைகொடுத்தது என்று நினைக்கிறேன். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தபோது ராமனின் சிஷ்யர் மட்டுமல்ல. போஸின் சக ஆசிரியர், வங்காளி மாணவர்களை உருவாக்கிய வாத்தியார்.

1942-இல் மறுபடி ஊர் மாற்றம். இந்தத் தடவை அலகாபாத் யூனிவர்ஸிடியில் பௌதிகப் புரொபஸர். நேருவோடு சிநேகம் வளர்ந்ததும் அந்த வருஷங்களில். 1946-இல் ஸர் பட்டம், மறு வருஷம் டெல்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர். அறிவியலைத் தமிழில் எழுதுவதை இத்தனை ஊர் சுற்றியும் அவர் விடவில்லை. 1961 ஜூன் மாதம் காலமானார்.

டாக்காவோ வேறு கதையாயிற்று. 1940-களின் கலவரங்களில் ஊர் குலைந்தது. போஸ் 1945-இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார், விஜயராகவன் அடுத்த வருஷம் வால்டேருக்கு. 1947-இல் அது வேறு தேசம்; 1971-க்குப் பிறகு இன்னொரு தேசம். கர்சன் ஹால் மட்டும் அதே சிவப்புடன் இன்றும் விஞ்ஞான வகுப்புகளுக்கு இடம் கொடுத்து நிற்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். டாக்காவில் கிருஷ்ணன் விட்டுப்போன ரீடர் இடத்துக்கு 1934-இல் வந்தவர், ராமனின் வங்காளி மாணவர் கேதாரேஸ்வர் பானர்ஜி (மேலே சொன்ன மாணவர் பானர்ஜி வேறு). கல்கத்தாவில் கிருஷ்ணன் காலி செய்த சர்க்கார் புரொபஸர் பதவிக்கு 1943-இல் வந்தவரும் அவரே. அலகாபாத் நாற்காலியில் முதலில் இருந்தவர் டாக்கா ஜில்லாக்காரரான மேகநாத் ஸாஹா. அவர் 1938-இல் கல்கத்தா போக, நாலு வருஷம் கழித்து வத்திராயிருப்புக் கிருஷ்ணன் வந்தார். கிருஷ்ணன் டெல்லி போன பின், 1952-இல் அங்கே வந்து உட்கார்ந்தவர் மறுபடியும் கேதாரேஸ்வர் பானர்ஜி.