அடையாறில் வளர்ந்த குழந்தை உளவியல்

வளர்ச்சி உளவியல் என்றதும் பியாஜே, எரிக்சன் என்று பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அத்துறையின் ஒரு முக்கியமான அத்தியாயம், நம் பெரியபாளையத்தில் இருந்து பஸ் ஏறிப் போய்விடக்கூடிய அடையாறில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கான இடம் அது. 1939 நவம்பரில், தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாறில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே அவர் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார்! உடன் வந்த மகன் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. ஆகஸ்ட் 31, அம்மையாரின் 70-வது பிறந்தநாளுக்குத்தான் மகன் திரும்பக் கிடைத்தார்.

இது அவர்களுக்கு முதல் பிரிவு அல்ல. திருமணம் ஆகாமல் 1898-ல் பெற்ற பிள்ளை என்பதால் மரியோ கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். முதல் ஆறு வயதுதான் மனிதனுக்கு அஸ்திவாரம் என்று உலகத்துக்குச் சொன்னவருக்கு, தன் பிள்ளையின் அந்த வயதில் கூட இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் சொன்னவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

1. உள்வாங்கும் மனம்: பிறந்தது முதல் 6 வயது வரை குழந்தை சூழலை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. தாய்மொழியை யாரும் பாடம் நடத்திக் கற்பதில்லை அல்லவா?

2. உணர்திறன் பருவம்: பேச்சு, நடை, ஒழுங்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. நம் பிள்ளைத்தமிழும் செங்கீரை, சப்பாணி, வருகை என்று பருவம் பார்த்துத்தானே குழந்தையைப் பாடுகிறது!

3. 6 முதல் 12 வயது: 'ஏன், எப்படி' என்று கேட்கும் காலம். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது இவ்வயதுப் பிள்ளைகளுக்கான கல்வியை விரிவாக உருவாக்கினார்.

1946-ல் அவர் ஐரோப்பா திரும்பினார். அவரது புகழ்பெற்ற நூலான 'தி அப்சார்பெண்ட் மைண்ட்' 1949-ல் அடையாறில்தான் அச்சாகி வெளிவந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் அம்மா அப்பாவின் பிள்ளைகளும், அன்றைய ரோம் பிள்ளைகளும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை மூன்று வயதில் பென்சிலும் வீட்டுப்பாடமுமா, தொட்டும் பார்த்தும் விளையாடியும் கற்க ஓர் இடமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.