தோட்டப்புற ஒப்பாரியும் துயராற்றலும்: ஜொகூரை முன்வைத்து

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை நிறுவப்பட்டது. இன்று பெர்மாய் மருத்துவமனை எனப்படும் அது தோன்றுமுன்பே, ரப்பர்த் தோட்டத் தமிழரிடையே துயராற்றும் கலையாக ஒப்பாரி வழங்கிவந்ததை நாம் கருதவேண்டும். இறந்தாரை விளித்துப் பாடும் பெண், பிறந்தகப் பிரிவையும் புகுந்தகக் கொடுமையையும் அப்பாட்டிலேயே முறையிடுவாள். பிற வேளைகளில் சொல்லவியலாதவற்றுக்கு ஒப்பாரி இடமளித்தது. கூடியிருந்த பெண்கள் தோள்சேர்த்து உடனழுததால் தனித்துயர் பொதுத்துயராயிற்று.

1942–43இல் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தமிழருள் பல்லாயிரவர் மாண்டனர். உறவினர்க்கு உடலும் கிட்டாத அச்சாவுகளைத் தோட்டப்புறப் பாடல்கள் நினைவில் நிறுத்தின. ஆகவே, இப்பாடல்களை இலக்கியமாக மட்டுமன்றித் துயராற்று முறையாகவும் நாம் ஆராய்தல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தமையால், பாடவல்ல மூதாட்டியர் அருகிவருகின்றனர்; பதிவுப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.