ஜங்ஷனுக்கும் ஊருக்கும் நடுவே

பழைய நாளில் சேலம் ஜங்ஷனில் இறங்கிய பிரயாணிக்கு முதல் அநுபவம் ஏமாற்றந்தான். பலகையில் சேலம் என்றிருக்கும், ஊர் இருக்காது. இறங்கிய இடம் சூரமங்கலம். கோட்டையும் செவ்வாய்ப்பேட்டையும் கிழக்கே சுமார் மூன்று மைல் தள்ளி. ஜட்காக்காரன் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர வேண்டும்.

மதராஸ் ரயில்வே கம்பெனியின் இருப்புப் பாதை 1861-ல் ஜோலார்பேட்டையிலிருந்து இங்கே வந்தது. மறு வருஷமே மேலைக் கடற்கரைப் பேப்பூரை எட்டிவிட்டது. கம்பெனி லண்டனில் பங்கு விற்ற கம்பெனி. பங்குதாரருக்கு நூற்றுக்கு 5 வரை வட்டி நிச்சயம் என்று சர்க்கார் ஜாமீன் நின்றது. நிலத்தையும் கிரயமில்லாமல் கொடுத்தது. வருமானம் குறைந்தால் வரிப்பணத்திலிருந்து ஈடு. கம்பும் சோளமும் விளைத்துக் கிஸ்தி கட்டிய சேலத்துக் குடியானவனின் காசு, அவன் ஊர் வாசலுக்கு வராத ரயிலுக்கும் போயிற்று.

ரயிலுக்குப் பொதுப்பணம் உண்டு. ரயிலண்டை ஏழைக்கு வீடு கட்ட? அந்தக் கேள்வியே அன்று எழவில்லை. ரயில்வே தன் சிப்பந்திகளுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பிற்காலத்துச் சர்க்காரும் இந்த வழியைத்தான் பின்பற்றியது. 1970-ல் அஸ்திவாரம் போட்ட உருக்காலைக்கு மோகன் நகர் என்று அழகான குடியிருப்பு எழுந்தது, ஆலையில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு.

நெசவாளியைப் பற்றி இதில் அதிகம் கவலைப்பட வேண்டாம். அவனுக்கு வீட்டுக்குள்ளேயே தறிக்குழி. காலை நீட்டினால் வேலை. கஷ்டம், விடியற்காலையில் தூக்குப்பாத்திரத்துடன் புறப்படும் சித்தாளுக்கும், பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்கும்தான்.

வீட்டுவசதி வாரியம் 1961-ல் பிறந்தது. சேலத்தில் அய்யந்திருமாளிகையில் அது குடியிருப்பு அமைத்தது. ஜங்ஷனுக்கு நேர் எதிர்ப்புறம். வாரியத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மலிவான வீடு கட்ட மலிவான நிலம் வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் நிலம் மலிவாக இருக்குமா? தண்டவாளம் போடுகிற கை ஒன்று, வீடு கட்டுகிற கை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நிலத்தரகர் முந்திக்கொள்கிறார்.

இதன் முற்றிய உருவம் சென்னையில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். மழைக்கு ஒழுகாத வீடுதான். ஆனால் மயிலாப்பூரில் வேலை பார்த்தவள் அங்கிருந்து எத்தனை பஸ் மாறுவாள்? பலர் வேலையை விட்டார்கள். 2021-ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்று ஆயிற்று. நல்ல காரியம், சேலத்துச் சித்தாளும் வாழ்த்துவாள். ஆனாலும், வீட்டைத் தொலைவில் வைத்த கடனுக்குச் சர்க்கார் இப்போது வட்டி கட்டுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர்கள் பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரில் வேறு மாதிரி நடந்தது. வீடமைப்புக் கழகம் 1960-ல் தொடங்கியது. 1966-ல் நிலம் எடுக்கும் சட்டம். சர்க்காரே நிலத்தை வாங்கி, சர்க்காரே தோ பாயோ போன்ற நகரங்களைக் கட்டி, 1987 நவம்பரில் முதல் ரயிலை அதே தோ பாயோவுக்கு விட்டது. இன்று அங்கே குடியிருப்போரில் நூற்றுக்கு 80 பேர் அளவில் கழக வீடுகளில் இருக்கிறார்கள். கம்பத்துக் குடிசைகளைக் காலி செய்தவர்கள் அழாமல் போகவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

நாமக்கல்லுக்கு ரயில் வர 2013 ஆயிற்று. சேலத்திலிருந்து கரூருக்கு 85 கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று தலைமுறை மனுப்போட்டுக் களைத்துவிட்டது. பிறகு 2024-ல் பஸ் ஸ்டாண்டும் முதலைப்பட்டிக்குக் குடிபோயிற்று. ஊருக்குள் நெரிசல் குறைந்தது, வாஸ்தவம். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் மலைக்கோட்டையடியிலுள்ள கடைத்தெருவுக்குப் போக இன்னொரு பஸ் ஏற வேண்டும். சூரமங்கலத்து ஜட்காவின் வேலையை அந்தப் பஸ் பார்க்கிறது.