கடைசி இடத்தின் சான்று: மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைக் கணினியில் மீளமைப்பது குறித்து

மறைந்துபோன தேசிய மோட்டார் பந்தயத் தொடர்களைக் கணினி விளையாட்டில் மீளமைப்போர் பெரும்பாலும் ஒரே வழியில் செல்கிறார்கள். பழைய இடவிளக்கப் படத்திலிருந்து சாலையை எடுக்கிறார்கள். வென்ற வண்டியின் எடையையும் குதிரைத்திறனையும் இடுகிறார்கள். ஏட்டில் உள்ள நேரத்தில் அந்த வண்டி ஏறி முடிக்கும்வரை டயரின் பிடிமானத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். நேரம் பொருந்தியதும் சாலை சரிபார்க்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். நுவரெலியாவின் மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பொறுத்தவரை இந்த முறை போதாது என்பதோடு, அதில் கிடைக்கும் பொருத்தமே பிழையின் அறிகுறியாக இருக்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தச் சாலை எவ்வளவு செங்குத்தானது என்பதை அறிய நம்மிடமுள்ள சிறந்த சான்று வரைபடமன்று. மீளமைப்போர் முதலில் வெட்டி எறியும் முடிவுப் பட்டியலின் அடிவரிகளே.

சுற்றோட்டத் தடங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1998இல் வெளிவந்த 'கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்' 1967ஆம் ஆண்டின் உலகத் தொடரை மீட்டெடுத்தபோது அதன் தடங்களில் பல இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பிரேசிலின் ரெய்சா ஸ்டூடியோஸ் தன் நாட்டு ஸ்டாக் கார் தொடரை விளையாட்டாக்கியபோதும் தடங்களுக்குப் பஞ்சமில்லை. இலங்கையிலும் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் போர்க்கால விமானத்தளம் பந்தயத் தடமானது. சமதளமான அந்த ஓடுபாதையை இன்றும் அளந்துவிடலாம். 1934இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மாகாஸ்தோட்டையின் நிலை வேறு. தேயிலைக்கு நடுவே ஏறும் ஒடுக்கமான சாலையில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தை எதிர்த்து ஏறுகின்றன. எதிராளியை முந்துவது என்ற பேச்சே இல்லை. சாலையின் சாய்வும் வளைவும்தான் எதிராளி. அவற்றைப் பிழையாக வரைந்தால் அந்தப் பந்தயத்தில் மீளமைக்க வேறொன்றும் மிஞ்சாது.

சர்ச்சைக்குரிய சான்று நில அளவைத் திணைக்களத்தின் ஒரு அங்குலப் படம். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:63,360 என்ற அளவுத்திட்டம். சமவுயரக் கோடுகளின் இடைவெளி 100 அடி. பந்தயம் நடந்த காலத்தை ஒட்டி அச்சானது, அரசு அளவையாளர்கள் நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்தது, ஆகவே நம்பத்தக்கது என்பது ஒரு சாராரின் வாதம். அளவையாளரின் திறமையை நானும் ஐயுறவில்லை. ஆனால் மீளமைப்பவரின் கையில் இருப்பது அவருடைய களக்குறிப்பன்று, அச்சிட்ட தாள். அந்தத் தாளில் ஒரு கிலோமீட்டர் சாலை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுருங்குகிறது. அரை மில்லிமீட்டர் தடித்த கோடு நிலத்தில் 32 மீட்டர் அகலத்தை மறைக்கிறது. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டையூசி வளைவின் முழு அகலமும் தாளில் 0.3 மில்லிமீட்டர்தான், அது கோட்டின் தடிப்புக்குள்ளேயே புதைந்துபோகும்.

இப்பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் கேள்வி. தாறுமாறான பிழை என்றால் பல அளவீடுகளில் அது கரைந்துவிடும். இது அத்தகையதன்று. அச்சில் சாலை பெரும்பாலும் நேராக்கப்படுகிறது, கூடுதலாக வளைக்கப்படுவது அரிது. வளைவுகள் உதிர்ந்தால் நீளம் குறையும். ஏறும் உயரம் மாறாமல் நீளம் மட்டும் குறைந்தால் கணக்கில் சாய்வு கூடும். ஆகவே படத்திலிருந்து எடுத்த சாலை இரண்டு வகையில் பொய்யானது: உண்மையைவிடச் செங்குத்தானது, உண்மையைவிட நேரானது. செங்குத்து வண்டியை மெதுவாக்கும், நேரான தன்மை வேகமாக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் நடுத்தரத் திறனுள்ள ஒரு வண்டிக்கு அவை ஒன்றையொன்று ஈடுசெய்து, பதிவான நேரத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திவிடும். எஞ்சிய சிறு வித்தியாசத்தைப் பிடிமானத்தைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம். பிறகு வரும் பொருத்தத்தைச் சான்று என்று சொல்வது, பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்ததற்குச் சமம்.

சமவுயரக் கோடுகள் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் ஏற்றம் 12க்கு 1 என்ற சாய்வில் இருந்தால் 83 மீட்டர் உயரும். 9க்கு 1 என்றால் 111 மீட்டர். இரண்டுக்கும் இடையே 28 மீட்டர், அதாவது சுமார் 91 அடி. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்குமான இடைவெளியைவிட இது சிறியது. புறப்பாட்டுக் கோடும் முடிவுக் கோடும் இரு சமவுயரக் கோடுகளுக்கு நடுவே எங்கோ விழும்போது, இந்த இரு சாய்வுகளில் எது உண்மை என்பதைப் படத்தால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். 1959இல் வந்த 848 சிசி மினிக்கு 34 குதிரைத்திறன். ஓட்டுநரோடு எடை 700 கிலோ என்று கொள்வோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதன் 83 வீதம். மிகையூட்டி இல்லாத எஞ்சின் தன் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கும். கட்டுக்குருந்தையையும் மாகாஸ்தோட்டையையும் ஒரே தொடரில் சேர்ப்பவர் இதைத் தனியே எழுதிச் சேர்க்காவிட்டால், கடலோரக் காற்றையே மலைக்கும் கொண்டுவந்தவராவார். பற்சக்கர இழப்பாக 15 வீதத்தையும் கழித்தால் சக்கரத்தில் மிஞ்சுவது 18 கிலோவாட் அளவுதான். உருளல் தடையையும் காற்றுத் தடையையும் சேர்த்துப் பார்க்கும்போது, 12க்கு 1 சாய்வில் அந்த வண்டி எட்டக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 76 கிலோமீட்டர். 9க்கு 1 சாய்வில் 65. புறப்பாட்டையும் வளைவுகளையும் விட்டுவிட்டால்கூட, ஒரு கிலோமீட்டருக்கு முறையே 47, 55 வினாடிகள். வினாடியின் பின்னங்களால் இடங்கள் மாறும் பந்தயத்தில் எட்டு வினாடி என்பது வேறொரு பந்தயம்.

அதே சாலையில் 150 குதிரைத்திறன் கொண்ட, அதே எடையுள்ள வண்டியை ஏற்றுவோம். 9க்கு 1 சாய்விலும் அதன் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் ஒடுக்கமான அந்தச் சாலையின் வளைவுகள் அதை ஒருபோதும் அங்கே போகவிடா. அதன் நேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை வளைவின் ஆரமும் டயரின் பிடிமானமும், சாய்வு இரண்டாம்பட்சம். சிறு வண்டிக்கோ சாய்வே விதி. வளைவை விட்டு வெளியேறி வேகத்தை மீட்கும்போது அதற்குக் கிடைப்பது எஞ்சின் தருவதில் மலை விட்டுவைத்த மீதி மட்டுமே. சாய்வில் சிறு மாற்றம் வந்தாலும் அந்த மீதி பாதியாகலாம்.

ஆக, முடிவுப் பட்டியலில் மேல்வரிகள் சாலையின் வளைவைப் பேசுகின்றன, அடிவரிகள் அதன் சாய்வைப் பேசுகின்றன. முதலிடத்தின் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு தெரியாத அளவுகளைத் தீர்க்க முயல்வது இயலாத காரியம். வண்டிகளை வகைப்படுத்தும் ஒவ்வொரு பிரிவிலும் சிறந்த நேரத்தை எடுத்தால், சமன்பாடுகள் போதிய எண்ணிக்கையில் வந்துவிடுகின்றன. இதிலிருந்து பரிசோதிக்கத்தக்க ஒரு கூற்றும் பிறக்கிறது. படவழிச் சாலையில் எல்லாப் பிரிவுகளையும் ஓடவிட்டால், நடுப்பிரிவின் நேரம் பொருந்தும். சிறு வண்டிகள் பட்டியலில் உள்ளதைவிட மெதுவாகவும், பெரிய வண்டிகள் வேகமாகவும் வரும். மீளமைப்புகளில் இந்தக் கத்தரிக்கோல் வடிவம் தென்படும்போது அதை ஓட்டுநரின் திறமையின்மீது ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. சிறு வண்டிக்காரர்கள் எல்லோரும் மேதைகள், பெரிய வண்டிக்காரர்கள் எல்லோரும் அரைகுறைகள் என்று நம்புவதைவிட, சாலை பிழையாக வரையப்பட்டது என்று நம்புவது எளிது.

பிடிமானத்தை ஒரே எண்ணாகக் கொள்வதும் தேயிலைத் தோட்டத்தின் நடைமுறை அறியாதோர் செய்வது. மேல்நாட்டில் ஒரு மலையின் தேயிலையை நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டிய ஆண்டில் மண் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும். ஏப்ரல் மாதப் பிற்பகல் இடிமழை அதைச் சாலைமீது கழுவி இறக்கும். வடிகான்கள் துப்புரவாக இருந்தால் சேறு குறையும், தூர்ந்திருந்தால் கூடும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனதும் பராமரிப்பை மாற்றியிருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. தேசியப் பட்டத்துக்கான அந்த நேரங்களுக்குப் பின்னால் கான் வெட்டிய தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை அந்தத் தேசத்துக்கு வெளியே நிறுத்தியது. முறையியலுக்கு வேண்டியது இதுதான்: பிடிமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சாய்வு மாறாது. பல ஆண்டுப் பட்டியல்களைப் அருகருகே வைத்தால், மாறாத பகுதி தானே பிரிந்து வரும்.

மூன்று மறுப்புகள் எழக்கூடும். ஓட்டுநர்களின் திறமை வேறுபடும் என்பது முதலாவது. பிரிவின் சிறந்த நேரத்தை மட்டும் எடுப்பதால் இது பெரிதும் அடங்கிவிடுகிறது. இன்றைய சாலையைச் செய்மதி வழியே அளந்தால் போதாதா என்பது இரண்டாவது. அளக்கட்டும், மலையின் உயரத்தை அது சொல்லும். ஆனால் பழைய புறப்பாட்டுக் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதையோ, வளைவுகள் அகலப்படுத்தப்படுமுன் தூரம் எவ்வளவு என்பதையோ அது சொல்லாது. விளையாட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பது மூன்றாவது. 2014இல் வந்த 'அசெட்டோ கோர்சா' போன்றவற்றில் பயனாளர்களே தடங்களைக் கட்டிச் சேர்க்கிறார்கள். அப்படிக் கட்டியது நாளைக்கு ஆவணமாக மேற்கோள் காட்டப்படும் என்ற ஒன்றே இதற்குப் போதுமான விடை.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. மேலே தந்த கணக்கு ஒரு மாதிரிக் கணக்கு. மாகாஸ்தோட்டையின் உண்மையான சாய்வு இது என்று அது நிறுவவில்லை. ஒரே பிரிவில் இரண்டு, மூன்று வண்டிகளே ஓடிய ஆண்டுகளில் இந்த முறை தள்ளாடும். பட்டியலில் உள்ள 'சிறப்பாக்கப்பட்ட' வண்டிகளின் உண்மைத் திறனை உறுதியாகக் கொள்ள இயலாததால், தொழிற்சாலை நிலையில் ஓடிய பிரிவுகளுக்கே முன்னுரிமை தர வேண்டும். இந்த வரம்புகளுக்குள் நின்றும், ஒரு சாலைக்குப் பதிலாக மூன்று நான்கு சாய்வுகளில் சாலைகளை வரைந்து, எந்தச் சாலையில் எல்லாப் பிரிவுகளும் ஒரே பிடிமானத்தில் பொருந்துகின்றன என்று பார்ப்பதே நேர்மையான மீளமைப்பு என்று கருதுகிறேன். இலங்கையின் மற்றொரு மலையேற்றப் பந்தயமான ராதெல்லவுக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே பழைய முடிவுகளைப் பதிப்பிப்போர் முதல் மூன்று இடங்களோடு நிறுத்தாமல், கடைசியாக வந்தவர் வரை, பிரிவு வாரியாக, மழைக்குறிப்போடு முழுப் பட்டியலையும் அச்சிட வேண்டும். புறப்பாட்டுக் கோடும் முடிவுக் கோடும் ஐயமின்றி அறியப்பட்ட ஏதேனும் ஓர் ஆண்டின் பட்டியலை எடுத்து, அங்கே சிறு வண்டிகள் தரும் சாய்வு நில அளவையோடு ஒவ்வாமல் போனால், இங்கே முன்வைத்த வாதம் விழும். விழாது என்றே எண்ணுகிறேன். ஆனால் அதைத் தீர்ப்பதற்கான சான்று வெற்றிக்கோப்பை வாங்கியவர்களிடம் இல்லை.