கலக்டிகாவில் ஒரு தலையாட்டி

பழைய தொடர் ஒன்றைத் தூசு தட்டித் திரும்ப எடுத்தால் முதலில் வாற வசனம், ‘என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராது’. ‘டொக்டர் ஹூ’ 1989இல் நின்று 2005இல் திரும்பி வந்தபோதும் இதைச் சொன்னார்கள், ‘ஸ்டார் ட்ரெக்’ 1987இல் புதுக் கப்பலும் புதுக் கப்டனுமாக வந்தபோதும் சொன்னார்கள். போன விடுமுறைக்கு நெல்லியடியில் ஒரு சிநேகிதன் வீட்டில் கூடியபோது எங்களுக்குள்ளும் இதே சண்டை. முடிவாக, ஒரு தொடரின் பழசையும் புதுசையும் பென்டிரைவில் ஏற்றி முழுக்கப் பார்ப்பம் எண்டு இறங்கினோம். சிநேகிதனின் மாமாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து இருந்துவிட்டார்.

நாங்கள் எடுத்தது ‘பட்டில்ஸ்டார் கலக்டிகா’. கிளென் லார்சன் எண்டவர் உருவாக்கியது. எங்கட பெற்றோரின் வயதுக்காரருக்கு அவரைத் தெரியாவிட்டாலும் அவருடைய இன்னொரு தொடரைத் தெரிந்திருக்கும்: கதைக்கிற கறுப்புக் கார் வாற ‘நைட் ரைடர்’. அதையும் 2008இல் திரும்ப எடுத்தார்கள். காரை மாற்றினார்கள், கதையில் பெரிதாக ஒன்றையும் மாற்றவில்லை. 17 பகுதிகளோடு 2009 மார்ச்சில் அது முடிந்துபோனது. அதைப்பற்றி இதுக்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கலக்டிகாவின் கதை எளிது. 12 உலகங்களில் வாழ்ந்த மனிதரை சைலன் எண்ட இயந்திரங்கள் ஒரே நாளில் அழிக்கின்றன. தப்பினவர்கள் கிடைத்த கப்பல்களில் ஏறி, ஒரு போர்க்கப்பலின் பின்னால் பூமியைத் தேடி ஓடுகிறார்கள். 1978 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் தொடங்கியது, அடுத்த ஏப்ரலோடு நின்றுவிட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அந்த மினுக்கம் இதிலும் தெரியும். பழசில் எங்களைக் குழப்பியது ஒரு விசயம். தங்கட சனம் முழுக்கச் செத்துப்போய் அவ்வளவு காலமாகவில்லை. அதுக்குள் தப்பினவர்கள் ஒரு சூதாட்டக் கிரகத்தில் இறங்கி ஆட்டமும் பாட்டுமாக நிற்கிறார்கள்! 1980இல் ஒருமுறை மீட்டுப் பார்த்தார்கள். அது பத்துப் பகுதிகளோடு படுத்துவிட்டது. ஆக, மீட்டெடுத்தாலே நல்லாய் வரும் எண்டுமில்லை.

2003 டிசெம்பரில் ரொனால்ட் மூர் திரும்ப எடுத்தபோது இரண்டு இடங்களில் கைவைத்தார். பழசில் சைலன்களை உருவாக்கியது வேறொரு இனம். புதுசில் மனிதரே உருவாக்கினார்கள். அதோடு ‘நாங்கள் பாவம், அவர்கள் கெட்டவர்கள்’ எண்ட கதை உடைந்துபோகுது. மற்றது, எண்ணிக்கை. ஜனாதிபதி லோரா ரொஸ்லினின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். தப்பினவர்களின் தொகை, கிட்டத்தட்ட 50,000, அதில் எழுதியிருக்கும். ஆள் செத்தால் அழித்துக் குறைத்து எழுதுவார். ஒரு பகுதியின் முடிவில் கப்பலில் குழந்தை ஒன்று பிறக்க, அவர் எழும்பிப் போய் ஒன்றைக் கூட்டுகிறார். சண்டைக் காட்சிகளை மறந்துவிட்டோம், அந்தப் பலகையை மறக்கேல்லை.

மூன்றாவது பருவம் வந்தது 2006 ஒக்டோபரில். சனம் ஒரு கிரகத்தில் குடியேற, சைலன்கள் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். மனிதரையே வைத்து ஒரு பொலிஸ் படை அமைக்கிறார்கள். அந்தப் பொலிஸ் முகத்தை மூடிக்கொண்டு இரவில் வீடு வீடாய் வருகுது. மாமா அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் ‘உது தலையாட்டியடா’ எண்டார். சுற்றிவளைப்பில் முகமூடியோடு இருத்தப்பட்டு, தலையை ஆட்டி ஆள் காட்டினவனுக்கு எங்கட ஊர் வைத்த பேர் அது. எங்களுக்கு அது கேள்விப்பட்ட சொல், அவருக்கு வரிசையில் நின்ற அனுபவம்.

அதே பகுதியில், அந்தப் பொலிசின் பயிற்சி நிறைவு விழாவுக்குள் ஒருவன் குண்டைக் கட்டிக்கொண்டு போகிறான். அமெரிக்கப் பார்வையாளருக்கு அது ஈராக். நாங்கள் இருந்து பார்த்தது நெல்லியடியில். 1987 ஜூலை 5 அன்று, இங்குள்ள மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் வெடிமருந்து ஏற்றிய வாகனம் புகுந்தது. விடுதலைப் புலிகளின் முதல் தற்கொலைத் தாக்குதல் எண்டு உலகப் புத்தகங்களில் எங்கட ஊர்ப் பேர் வாறது அதனால்தான். தொடர் அந்தக் குண்டைப் புகழவுமில்லை, ஒதுக்கித் தள்ளவுமில்லை. எதிர்ப்பியக்கத்துக்குள்ளேயே அதைப்பற்றிச் சண்டை வரவைக்கிறது.

அதைவிடக் கனமான பகுதி பிறகுதான். தப்பி வந்த பிறகு, இயக்கத்தில் இருந்தவர்கள் ஆறுபேர் இரகசியமாகக் கூடி, ஒத்துழைத்தவர்களுக்குத் தீர்ப்பெழுதி, கப்பல் கதவைத் திறந்து வெளியே தள்ளுகிறார்கள். பொலிசில் இருந்த ஒருவன் முன்பு ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியவன். அவனும் போகிறான். அடுத்ததாகக் கொண்டுவரப்படுகிற கேட்டா, எதிரியின் அலுவலகத்தில் இருந்துகொண்டே இயக்கத்துக்குத் தகவல் அனுப்பியவன். கடைசி நிமிசத்தில் அது தெரியவர விடுகிறார்கள். 1980களின் நடுப்பகுதியில், துரோகி எண்டு சொல்லப்பட்டவர்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டதைக் கண்ட ஊர்கள் இவை. அதைப்பற்றிக் கதை கேட்டால் எங்கட வீடுகளில் இண்டைக்கும் பேச்சு மாறிப்போகும். 1978இன் கலக்டிகாவால் எங்களை இந்தக் கேள்விக்குக் கிட்டக் கொண்டுவந்திருக்கவே முடியாது. எங்கட வாக்கு புதுசுக்குத்தான், இந்தப் பகுதிகளுக்காகவே.

ஆனால் ஒரு திகதி எங்களுக்குத் தொண்டையில் நிற்குது. 2009 மார்ச் 17 அன்று நியூயோர்க்கில் ஐ.நா. இந்தத் தொடருக்கு ஒரு நிகழ்வு வைத்தது. மூரும் நடிகர்கள் எட்வர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸ், மேரி மக்டோனல் ஆகியோரும் போயிருந்தார்கள். மனித உரிமை, போரில் சிறுவர்கள், நல்லிணக்கம் பற்றிக் கதைத்தார்கள். நாட்டுப் பெயர்கள் இருக்கிற இடத்தில் கற்பனையான 12 உலகங்களின் பெயர்ப்பலகைகள் இருந்தன. அண்டைக்கு வன்னியில் சனம் மாத்தளன் பக்கம் நெரிபட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் 70,000 பேர் வரைதான் எண்டது அரசு. கடைசியில் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 280,000க்கு மேல். பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் இலங்கை அந்த மாதங்களில் ஏறவேயில்லை. ரொஸ்லினின் பலகையை மெச்சிய கட்டடம் அது.

மூன்று நாள் கழித்து, மார்ச் 20 அன்று, தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. பூமிக்கு வந்து சேர்ந்தவர்கள் கப்பல்களைச் சூரியனுக்குள் விட்டுவிட்டு, எல்லாத்தையும் முதலில் இருந்து தொடங்கப் போகிறார்கள். எங்களில் இரண்டு பேருக்கு அது பிடித்தது, மற்றவர்களுக்கு ஓடித் தப்பின மாதிரி இருந்தது. மாமா மட்டும், ‘அந்தப் பலகையையும் கப்பலோட விட்டிட்டாங்களோ?’ எண்டு கேட்டார். நாங்கள் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தோம். அது எங்கே போனதெண்டு காட்டவில்லை.