முத்தும் உலோகமும்: மன்னார்க் கடலில் ஓர் அளவையின் வரலாறு

அபூ ரைஹான் அல்பிரூனி (973–1048) தம் முதுமையில் 'கிதாபுல் ஜமாஹிர் ஃபீ மஃரிஃபத்தில் ஜவாஹிர்' எனும் நூலை இயற்றினார். அதன் முற்பகுதி மணிகளைப் பற்றியது. பிற்பகுதி உலோகங்களைப் பற்றியது. முத்தைப் பற்றி விரிவாகப் பேசும் அப்பேரறிஞர், பாதரசம், செம்பு, ஈயம் ஆகியவற்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்கிறார். ஒரே நூலின் இரு பகுதிகளில் அமைந்த இவ்விரு பொருள்களும் ஒரே சிப்பிக்குள் சந்திக்கும் காலம் ஒன்று வருமென அந்நாளில் யாரும் கருதியிருக்க மாட்டார்கள். தூத்துக்குடிக் கடற்கரையின் அண்மைக்கால வரலாறு, அச்சந்திப்பின் வரலாறாகவும் இருக்கிறது.

பாண்டியரின் காயல் துறையை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ கண்டு எழுதினார். முத்தும் குதிரையும் அரபு வணிகரையும் இக்கரையையும் பிணைத்திருந்த காலம் அது. கடலடியிலுள்ள சிப்பித் திட்டுகளைப் 'பார்' என்றும், முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்றும் நம் முன்னோர் வழங்கினர். பரதவரும் முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருந்த வணிகர் முத்தை வாங்கி விற்றனர். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த தொடர் சலாபமே இறுதியானது. அதன்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

பார்கள் ஏன் பொய்க்கின்றன எனும் வினா பழையது. இலங்கைப் பக்கத்தில் 1891க்குப் பின் சலாபம் இல்லாது போகவே, லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் அழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றினார். நகரும் மணல், நெருக்கடி, சிப்பியைத் தின்னும் திருக்கை, நட்சத்திர மீன், ஒட்டுண்ணிப் புழு ஆகியவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். நீரில் கரைந்த நுண்ணுலோகங்களை அளப்பதற்குரிய கருவி அந்நாளில் இல்லை.

1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையைத் தொடர்ந்தது. 1973இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் க. அழகர்சாமி சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை விளைவித்தார். 1981இல் தூத்துக்குடியிலேயே சிப்பிக்குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முயற்சியும் வெற்றி கண்டது.

இதே காலத்தில் உலகில் வேறோர் அறிவு வளர்ந்துகொண்டிருந்தது. 1955இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ், அணு உட்கவர் ஒளிமுறையால் உலோகங்களை அளக்கும் வழியை வெளியிட்டார். 1956இல் ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு விந்தை நோய் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவில் வெளியேறிய மெத்தில் பாதரசம் மீன்வழியே மனித உடலை அடைந்ததே காரணமென ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968இல்தான். 1957இல் மார்கோஷஸ், வாலி எனும் இருவர், குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கண்டனர். பின்னர் இப்புரத வகை சிப்பிகள் உள்ளிட்ட பல உயிர்களிலும் காணப்பட்டது. உலோகம் அனைத்தும் நஞ்சன்று என்பதும் இவ்வாராய்ச்சிகளால் தெளிவாயிற்று. நண்டும் கணவாயும் செம்பின்றி உயிர்வாழா. அவற்றின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது செம்பே. மிகுமிடத்து அச்செம்பே கொல்லும்.

சிப்பி இடம்பெயராது, நீரை உறிஞ்சி வடிகட்டியே உண்கிறது. ஆகவே நீரில் அளப்பதற்கரிய உலோகம் அதன் தசையில் திரண்டு நிற்கும். இதனைக் கண்ட எட்வர்ட் கோல்ட்பெர்க், கரைகள்தோறும் சிப்பியினங்களைச் சோதித்துக் கடலின் நலத்தைக் கண்காணிக்கும் திட்டத்தை 1975இல் முன்மொழிந்தார். நாம் முத்துக்காகத் திறந்த சிப்பியை அறிவியலார் சாட்சியத்துக்காகத் திறந்தனர்.

எனினும் சாட்சியத்துக்கும் சோதனை வேண்டும். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956இல் கணித்த கிளேர் பேட்டர்சன், ஈயத்தை அளக்கும்போது ஓர் உண்மையைக் கண்டார். ஆய்வுக்கூடத்தின் தூசியும் பாத்திரமும் நீர்மமுமே ஈயத்தைச் சேர்த்துவிடுகின்றன! கப்பலின் இரும்பும் நீர் மொள்ளும் குப்பியும் அவ்வாறே என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 1970களின் நடுப்பகுதிக்கு முன் வெளியான கடல்நீர் உலோக அளவுகளுள் பெரும்பாலானவை உண்மையினும் பன்மடங்கு மிகையானவை எனத் தள்ளப்பட்டன. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. மத்ன் எத்துணை அழகாயினும் இஸ்னாதில் பழுதிருப்பின் முஹத்திஸ்கள் அதனை ஏலார். நுண்ணுலோக ஆய்வில் குப்பியும் ஓர் அறிவிப்பாளரே.

இனித் தூத்துக்குடிக்கு வருவோம். 1974இல் துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. 1979 தொடங்கி 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அனல்மின் நிலையம் படிப்படியாக எழுந்தது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் சிற்றளவில் உண்டு. 1990களின் நடுவில் ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை வந்தது. மன்னார் வளைகுடாவின் கடலடி வண்டலில் கன உலோகங்களை ஆராய்ந்து ஜோனதனும் ராம்மோகனும் 2003இல் கட்டுரை வெளியிட்டனர். உருக்காலை வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே 22 அன்று ஆலைக்கெதிராகத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர், ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு குப்பி நீரின் அளவை எவ்வளவு பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

"ஆலைகளே முத்தை அழித்தன" எனும் கூற்று நம் கரையில் பரவலாக உண்டு. ஆண்டு வரிசை அதற்கு இடந்தரவில்லை. இறுதிச் சலாபம் 1961. அனல்மின் நிலையமும் உருக்காலையும் அதற்குப் பிந்தியவை. ஆலைகள் எழுமுன்னரும் பார்கள் பல்லாண்டு பொய்த்ததுண்டு. இதனைக் கூறுவது ஆலைகளுக்கு வாதாடுவதன்று. அழிந்தது ஏன் என்பது ஒரு வினா. மீளாதிருப்பது ஏன் என்பது மற்றொரு வினா. இரண்டாவதில் மாசின் பங்கு ஆராயத்தக்கது. செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் இடும் கட்டளை, நமக்கு உவப்பான செய்திக்கும் பொருந்தும். பிழையான சான்றுடன் நீதிமன்றம் செல்பவர், மெய்யான வழக்கையும் இழப்பார்.

1961க்கு முந்திய கடலின் உலோக அளவு நம்மிடம் இல்லை, அளந்தவர் எவருமில்லை. ஆயினும் இழந்ததை மீட்க இரு வழிகள் உள. ஈயம்-210 எனும் கதிரியக்க ஈயம் சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகக் குறைவது. அதனைக் கொண்டு வண்டல் அடுக்குகளின் வயதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கணிக்க இயலும். இம்முறைக்கு 1963இல் அடித்தளமிட்டவரும் மேற்சொன்ன கோல்ட்பெர்க்கே. மற்றொன்று பவளம். ஆண்டுதோறும் வளையம் இட்டு வளரும் அதன் சுண்ணாம்பில் அவ்வாண்டின் உலோகம் பதிந்திருக்கும்.

அர்ரஹ்மான் அத்தியாயம் முத்தையும் பவளத்தையும் ஒருசேரப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதற்குச் சற்று முன்னர் மீஸானையும், நிறுவையில் நேர்மையையும் பேசுகிறது. முத்துச்சிப்பி நிகழ்காலத்தின் சாட்சி; பவளம் கடந்த காலத்தின் சாட்சி. ஆனால் தூத்துக்குடித் தீவுகளைச் சூழ்ந்த பவளத்தை, வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளத்துக்கு 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி எனும் இரு தீவுகள் கடலுள் மூழ்கத் தலைப்பட்டன. சாட்சியின் பெரும்பகுதியைச் சூளையில் நாமே இட்டோம். எஞ்சியதைக் காப்பது மீன்வளத்துக்காக மட்டுமன்று. என்றேனும் ஒரு நாள் நீதியின் தராசுத் தட்டில் வைக்க, பழுதற்ற ஓர் அறிவிப்பாளர் நம் கடலில் எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகவுமே.